கடற்பசுவும் கற்பூர மரமும்: அழிதலும் அழித்தலும்

மாணவர் கட்டுரைகளில் நாம் அடிக்கடி காணும் வாக்கியம் ஒன்று உண்டு: 'அரிய உயிரினங்கள் பல இன்று அழிந்து வருகின்றன.' இலக்கணப்படி இதில் பிழை ஏதும் இல்லை. எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, ஒருமை பன்மை மயக்கமும் இல்லை. ஆயினும் படித்து முடித்த பின் நமக்கு ஒன்றும் விளங்குவதில்லை. எது அழிகிறது, எதனால் அழிகிறது, யாருடைய செயல் அதற்குக் காரணம் என்னும் மூன்று வினாக்களுக்கும் அதில் விடை கிடையாது. புலியைப் பற்றி எழுதினாலும் பூச்சியைப் பற்றி எழுதினாலும் இதே வாக்கியம் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் வாக்கியம் எதையும் விளக்குவதில்லை.

இக்குறையை ஓர் எடுத்துக்காட்டால் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். அதற்காக நம் வட்டாரத்தைச் சேர்ந்த இரண்டு உயிர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று கடலில் வாழும் பாலூட்டியாகிய கடற்பசு. மற்றொன்று மலாய்மொழியில் கப்பூர் என வழங்கும் கற்பூர மரம். தோற்றத்தாலும் வாழிடத்தாலும் இவ்விரண்டுக்கும் தொடர்பில்லை. ஆயினும் உலக அளவிலான ஒரு பட்டியலில் இரண்டும் ஒரே சொல்லின்கீழ் வருகின்றன.

பட்டியலின் சொல்

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 'செம்பட்டியல்' என்னும் பட்டியலை வெளியிட்டு வருகிறது. அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களை அது மூன்று படிகளாகப் பகுக்கிறது. அவற்றைத் தமிழில் அழிவாய்ப்பு இனம், அருகிய இனம், மிக அருகிய இனம் எனக் குறிக்கிறோம். கடற்பசுவும் கற்பூர மரமும் இவற்றுள் முதற்படியாகிய அழிவாய்ப்பு இனத்தில் வைக்கப்பட்டுள்ளன.

'அழிவாய்ப்பு' என்பது பொத்தாம்பொதுவான இரக்கச் சொல் என்று நினைத்துவிடலாகாது. அதற்குப் பின்னால் பல அளவுகோல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றை மட்டும் காண்போம். 10 ஆண்டுகள், அல்லது அவ்வுயிரின் மூன்று தலைமுறைகள், இவற்றுள் எது நீண்டதோ அக்காலத்திற்குள் ஓரினத்தின் தொகை 30 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்து, குறைவுக்கான காரணமும் நீங்காதிருந்தால் அது அழிவாய்ப்பு இனம். 50 விழுக்காட்டை எட்டினால் அருகிய இனம். 80 விழுக்காட்டை எட்டினால் மிக அருகிய இனம்.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. இந்த அளவுகோல் குறைந்த அளவை அளக்கிறது. குறைந்த விதத்தைச் சொல்வதில்லை. காய்ச்சலின் அளவைக் காட்டும் வெப்பமானி நோயின் பெயரைச் சொல்லாதது போன்றது இது. ஒரே வெப்பநிலை உள்ள இருவருக்கு ஒரே மருந்து கொடுப்பவர் நல்ல மருத்துவர் ஆகார். எனவே இரண்டையும் தனித்தனியே பார்ப்பது இன்றியமையாதது.

கடற்பசு

கடற்பசு மீனன்று, காற்றை மூச்சிழுத்துக் குட்டியீன்று பாலூட்டும் உயிர். உறவுமுறையில் அது திமிங்கிலத்தைவிட யானைக்கே நெருக்கமானது. முழு வளர்ச்சியடைந்த கடற்பசு ஏறத்தாழ 3 மீட்டர் நீளம் இருக்கும். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக்கின் வனுவாத்து வரை, ஏறத்தாழ 40 நாடுகளின் ஆழமற்ற கடற்பகுதிகளில் அது வாழ்கிறது. ஆஸ்திரேலியாவில்தான் எண்ணிக்கை மிகுதி.

அதன் உணவு கடற்புல். கடற்பாசியும் கடற்புல்லும் வேறு வேறு என்பதை மாணவர்க்குச் சொல்ல வேண்டும். கடற்புல் வேரும் தண்டும் இலையும் உடையது. நீருக்கடியில் பூத்துக் காய்க்கும் செடியினம். ஒளி வேண்டுவதால் கரையோரத்து ஆழமற்ற நீரிலேயே வளர்கிறது. ஒரு கடற்பசு நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை கடற்புல்லை மேயும். வேரோடு பிடுங்கி மேய்ந்து செல்லும்போது கடலடி மணலில் நீண்ட தடங்கள் விழும். சிங்கப்பூரின் செக் ஜாவா போன்ற இடங்களில் நீர் வற்றும் வேளையில் அத்தடங்களைக் கண்டுதான், விலங்கை நேரில் காணாமலே அதன் வருகையை அறிந்துகொள்கின்றனர்.

இந்த உயிரின் பெருந்தடை அதன் மெதுவான இனப்பெருக்கம். சூல்காலம் ஓராண்டுக்கு மேல். ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டி. அடுத்த குட்டி பிறக்க 3 முதல் 7 ஆண்டுகள் ஆகலாம். கடற்பசு 70 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஆனால் எல்லாம் நல்லபடியாக அமைந்தாலும் ஒரு கூட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 விழுக்காட்டுக்கு மேல் பெருகாது. நூறு கடற்பசுக்கள் உள்ள இடத்தில் ஆண்டுதோறும் சில பெண் விலங்குகள் கூடுதலாக இறந்தால் போதும். பெருக்கம் தேய்வாக மாறிவிடும்.

முற்காலத்தில் மனிதர் கடற்பசுவைத் தேடிச் சென்று கொன்றனர். இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் தோலுக்கும் தந்தத்துக்கும் அது வேட்டையாடப்பட்டது. அதன் கண்ணீர் காதல் வசிய மருந்து என்னும் நம்பிக்கை மலாய் உலகில் இருந்தது. இன்று சட்டம் அதைக் காக்கிறது. மலேசியாவில் அருகிவரும் மீனினங்களைக் கட்டுப்படுத்தும் 1999ஆம் ஆண்டு மீன்வள விதிமுறைகள் கடற்பசுவையும் உள்ளடக்கியவை. இப்போது அது பெரும்பாலும் வேறு வழிகளில் இறக்கிறது. மீனுக்கு விரித்த செவுள் வலையில் சிக்கி, மூச்சிழுக்க மேலே வர இயலாமல் மூழ்கிப்போகிறது. படகு மோதி இறக்கிறது. நில மீட்பும் சேறும் கடற்புல்லை மூடும்போது பட்டினிக்கும் இடப்பெயர்வுக்கும் உள்ளாகிறது.

அதே 1999ஆம் ஆண்டில் ஜொகூர் நீரிணையில் ஒரு கடற்பசுக் குட்டி மீன்வலையில் சிக்கியது. சி தெனாங் எனப் பெயரிட்டு அதன்மீது மக்கள் அன்பைப் பொழிந்தனர். மீண்டும் கடலில் விடப்பட்ட அது நெடுநாள் வாழவில்லை. அந்தக் குட்டியின் சாவை விரும்பியவர் எவருமில்லை என்பதே இங்கு நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தி.

கற்பூர மரம்

கற்பூரம் என்றவுடன் நமக்குக் கோயில் ஆரத்தி நினைவுக்கு வரும். அந்தக் கற்பூரம் சீனா, ஜப்பான், தைவான் பகுதிகளுக்குரிய வேறொரு மரத்திலிருந்து எடுக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் ஆலைகளிலும் செய்யப்படலாயிற்று. நாம் இங்கே பேசும் கப்பூர் மரம் சுமத்திராவுக்கும் மலாய்த் தீபகற்பத்துக்கும் போர்னியோவுக்கும் உரியது. 60 மீட்டருக்கும் மேல் உயரக்கூடிய காட்டு வேந்தன் அது. முதிர்ந்த மரத்தின் உள்ளே, பிளவுகளில், வெண்பளிங்குத் துகள்களாக அதன் கற்பூரம் உறைந்திருக்கும். பழங்கால வணிகத்தில் சீனமும் அரபு நாடுகளும் பெருவிலை கொடுத்து வாங்கியது இதனையே.

சுமத்திராவின் மேற்குக் கரையில் உள்ள பாரூஸ் அவ்வணிகத்தின் துறைமுகம். மலாய்மொழியில் இன்றும் கற்பூரத்தைக் கப்பூர் பாரூஸ் என்பர். அப்பகுதியின் லோபு துவா என்னுமிடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்கே செயற்பட்டதற்கு அது சான்று. நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் அதனை ஆராய்ந்து எழுதினார். கற்பூர மரத்தின் நிழல் தமிழ் வரலாற்றின்மீதும் விழுந்துள்ளது என்பதற்கு இது போதும்.

எல்லா மரத்திலும் கற்பூரம் இராது. வெளியிலிருந்து பார்த்து உறுதியாகச் சொல்லவும் இயலாது. வெட்டிப் பிளந்த பிறகே தெரியும். பல மரங்கள் வீணே விழுந்திருக்கும். எனவே இம்மரத்தையும் மனிதர் தேடிச் சென்று வீழ்த்திய காலம் ஒன்று இருந்தது.

அத்தேடலுக்கென்று ஒரு தனிமொழியே இருந்தது என்பது மொழி மாணவர்க்குச் சுவையான செய்தி. ஜொகூர்க் காடுகளில் கற்பூரம் தேடிய ஜகூன் மக்கள், காட்டுக்குள் நுழைந்ததும் அன்றாடச் சொற்களை விட்டுவிட்டு வேறு சொற்களால் பேசினர். மரத்தைக் காக்கும் ஆவிக்கு வழக்கமான மொழி தெரியும். அதைக் கேட்டால் அது கற்பூரத்தை மறைத்துவிடும் என்பது நம்பிக்கை. உணவிலும் சில விலக்குகள் இருந்தன. இவ்வழக்கம் மலாய்மொழியில் பந்தாங் கப்பூர் எனப்படும். லேக், கெல்சால் என்னும் இருவர் இச்சொற்களைத் திரட்டி 1894இல் வெளியிட்டனர்.

இது நமக்கு அயலான செய்தியன்று. நன்னூல் கூறும் தகுதி வழக்கில் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்று உண்டு. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றது குழூஉக்குறி. கற்பூரம் தேடியோரின் மொழி தொழிற்குழுவின் மொழி என்ற அளவில் குழூஉக்குறியை ஒத்தது. அஞ்சத்தக்கதை நேரே சொல்லாமல் விலக்கும் அளவில் மங்கலத்தை ஒத்தது. ஒரு மரத்தை வெட்டுமுன் நாவைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று ஒரு சமூகம் கருதியது. அந்த விலக்கு மரத்தைக் காப்பதற்காக ஏற்பட்டது என்று நாம் கூறவில்லை. ஆனால் வெட்டுவது நான்தான் என்னும் உணர்வு அம்மொழியில் தெளிவாக இருந்தது.

இன்று கப்பூர் மரத்தைக் கற்பூரத்துக்காகத் தேடுவோர் அருகிவிட்டனர். மரம் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. அதன் தடி கட்டுமானத்துக்கு உதவுவதால் வெட்டப்படுவது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் நிலம். கப்பூர் விரும்பி வளர்வது தாழ்நிலமும் சிறு குன்றுகளும். ரப்பரும் செம்பனையும் விரும்புவதும் அதே நிலம். தோட்டத்துக்காகக் காட்டை அழிக்கும்போது அங்கே கப்பூர் நின்றதா, வேறு மரம் நின்றதா என்று எவரும் கேட்பதில்லை.

ஒற்றுமை எங்கே?

இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். கடலில் வாழ்வது, காட்டில் நிற்பது என்னும் வேற்றுமையை நீக்கினால் ஒரே கதை தெரிகிறது. முன்பு இரண்டையும் மனிதர் வேண்டித் தேடி அழித்தனர். இன்று, பெரும்பாலும், இரண்டையும் வேண்டாமலே அழிக்கின்றனர். வலை விரித்தவர்க்கு வேண்டியது மீன். காட்டைத் திருத்தியவர்க்கு வேண்டியது நிலம். கடற்பசுவும் கப்பூரும் இடையில் நின்ற உயிர்கள்.

தமிழ் இலக்கணம் இதைச் சொல்வதற்கு நல்ல கருவி ஒன்றைத் தருகிறது. முறிந்தது, முறித்தான், சேர்ந்தது, சேர்த்தான், உடைந்தது, உடைத்தான் என வரும் இணைகளை நாம் தன்வினை, பிறவினை என்று கற்பிக்கிறோம். அழிந்தது, அழித்தான் என்பதும் அவ்வகையே. 'அழிந்தது' என்னும்போது செய்தவன் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுகிறான். மழையில் கோலம் அழிந்தாலும், வெட்டுண்டு காடு அழிந்தாலும் சொல் ஒன்றே. செயப்பாட்டு வினையும் இதற்கு முழு மாற்றாகாது. 'காடு அழிக்கப்பட்டது' என்பதில் செய்தவன் உண்டு என்பது குறிப்பாகத் தெரியும். ஆனால் அவனைப் பெயர் சொல்லாமல் விட்டுவிட அவ்வாக்கியம் இடம் தருகிறது.

வேட்டைக் காலத்தில் வினை தெளிவாக இருந்தது: வேடன் கொன்றான், கற்பூரம் தேடியவன் வெட்டினான். இன்று செயல் பலருடைய கைகளில் பிரிந்து கிடக்கிறது. மீன் வாங்குபவரும், எண்ணெய் வாங்குபவரும், கரையைத் தூர்த்து எழுந்த கட்டடத்தில் குடியிருப்பவரும் அதில் பங்குடையோர். எவருக்கும் அழிக்கும் நோக்கம் இல்லை. அதனால்தான் 'அழிந்து வருகின்றன' என்னும் தன்வினை நம் நாவுக்கு எளிதாக வந்துவிடுகிறது. நோக்கம் இல்லை என்பதால் செயலும் இல்லை என்றாகிவிடாது. இந்த வேறுபாட்டை வாக்கியத்தில் காட்டத் தெரிந்த மாணவர், சிக்கலின் பாதியைப் புரிந்துகொண்டவர் ஆவார்.

வேற்றுமை எங்கே?

காரணத்தின் இயல்பில் ஒத்த இவ்விரண்டும் மீட்பின் வழியில் மாறுபடுகின்றன.

கப்பூர் விதைக்கு உறக்கமில்லை. ஐந்து சிறகுகள் இருந்தும் கனமான காய் பெரும்பாலும் தாய்மரத்தின் அருகிலேயே விழும், விழுந்ததும் முளைக்கும், முளைக்காவிடில் விரைவில் கெடும். ஆகவே நெல் விதையைப் போல் உலர்த்திச் சேமித்து வைக்க இயலாது. தாய்மரம் நின்றால் அதனடியில் கன்றுகள் கூட்டமாக எழும். தாய்மரம் வீழ்ந்த இடத்தில் அது தானே திரும்பி வருவது அரிது. ஆயினும் மனிதர் நட்டால் அது வளரும். சிலாங்கூரின் கெப்போங்கில் உள்ள மலேசிய வனவியல் ஆய்வுக்கழகத்தின் காட்டுப்பூங்கா இதற்குச் சான்று. ஈயச் சுரங்கத்தால் பாழ்பட்டுக் கிடந்த நிலத்தில் 1920களில் தொடங்கி மரம் நட்டனர். இன்று அங்கே கப்பூர் மரங்களின் முடிகள் ஒன்றையொன்று தொடாமல், நடுவே ஒளிக்கோடுகள் விட்டு விரிந்திருக்கும் காட்சியைக் காண மக்கள் செல்கின்றனர். 2025இல் யுனெஸ்கோ அப்பூங்காவை உலக மரபுடைமையாக ஏற்றது. ஏறத்தாழ நூறாண்டுப் பொறுமைக்குக் கிடைத்த பயன் அது.

கடற்பசுவை அப்படி நட முடியாது. பண்ணையில் வளர்த்துக் கடலில் விடும் வழி இல்லை. அதற்கு நாம் செய்யக்கூடியது விலகி நிற்பதுதான்: மேய்ச்சல் நிலத்தைக் கெடுக்காமல் விடுவது, அங்கே வலை விரிக்காமல் இருப்பது, படகை மெதுவாகச் செலுத்துவது. இந்தியாவில், தமிழ்நாட்டின் பாக்கு விரிகுடாவில் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பு 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது இவ்வழியைச் சார்ந்ததே. அக்கரையின் மீனவர்கள் கடற்பசுவை ஆவுளியா என்பர். நம் பாடநூல்களில் இடம்பெறாத அச்சொல் அவர்கள் நாவில் வாழ்கிறது. வலையில் சிக்கியதை அறுத்துவிடும் கை அவர்களுடையது. ஆகவே பாதுகாப்பு என்பது அவர்களோடு பேசியே நடக்க வேண்டும்.

தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு ஒரு சான்று வைத்திருக்கிறது. கடற்பசுவின் நெருங்கிய உறவாகிய ஸ்டெல்லர் கடற்பசுவை 1741இல் வட பசிபிக்கில் ஐரோப்பியர் முதன்முதலாகக் கண்டனர். 1768ஆம் ஆண்டளவில் அது அற்றுவிட்டது. கண்டறிந்து 27 ஆண்டுகளே ஆகியிருந்தன. நம் கடற்பசுவிலும், உலக அளவில் அழிவாய்ப்பு நிலை எனினும், கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டம் 2022இல் மிக அருகியதாகவும் நியூ கலிடோனியாக் கூட்டம் அருகியதாகவும் மதிப்பிடப்பட்டன. ஒரே சொல்லின்கீழ் வெவ்வேறு நிலைகள் ஒளிந்திருக்கலாம் என்பதற்கு இதுவும் சான்று.

சுருங்கக் கூறின், மரத்துக்கு நாம் கை நீட்ட வேண்டும். விலங்குக்கு நாம் கையை விலக்கிக்கொள்ள வேண்டும். தாய்மரங்கள் நிற்கும் காட்டைக் காத்தல் முதற்கடமை என்பதும், கடற்புல்லைக் காத்தல் முதற்கடமை என்பதும் இரண்டுக்கும் பொது.

இரண்டும் சேரும் இடம்

இவ்விரண்டும் நிலவரைபடத்தில் சந்திக்கும் இடம் ஜொகூர். கப்பூர் மொழியைப் பேசிய மக்கள் வாழ்ந்த காடுகள் அம்மாநிலத்தில் இருந்தன. அதன் கிழக்குக் கரைக்கு அப்பால் சிபு, திங்கி தீவுகளைச் சுற்றிக் கடற்புல் வெளிகளும் அவற்றில் மேயும் கடற்பசுக்களும் உள்ளன. காட்டில் மரம் நிற்கும்வரை மழைநீர் வேர்களுக்கிடையே வடிந்து தெளிந்து ஆற்றை அடையும். மரம் போனால் மண் கரைந்து ஆறு கலங்கும். ஆறு கலங்கினால் கழிமுகம் கலங்கும். கலங்கிய நீரில் ஒளி குன்றிக் கடற்புல் நலியும். மலையடியில் வெட்டுவதன் விளைவு கடலடி வரை செல்லக்கூடும். பாடத்திட்டம் காட்டையும் கடலையும் இரு வேறு அலகுகளில் வைத்திருக்கலாம். நீருக்கு அந்தப் பகுப்பு தெரியாது.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

ஆசிரியர்கள் எளிய பயிற்சி ஒன்றைச் செய்து பார்க்கலாம். தொடக்கத்தில் காட்டிய வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, அதை இரண்டு வாக்கியங்களாக மாற்றச் சொல்லலாம். ஒன்று கடற்பசுவுக்கு, மற்றொன்று கப்பூருக்கு. 'அழிந்து வருகின்றன' என்னும் தொடரைப் பயன்படுத்தலாகாது என்பது மட்டுமே விதி. மாணவர் ஒருவர் 'மீனுக்காக நாம் விரித்த வலையில் கடற்பசு சிக்கி மூச்சடைத்து இறக்கிறது' என்று எழுதக்கூடும். இன்னொருவர் 'செம்பனை நடுவதற்காகக் காட்டை வெட்டியபோது கப்பூரின் தாய்மரங்களையும் வெட்டிவிட்டோம்' என்று எழுதக்கூடும். இவ்வாக்கியங்களில் வலை வந்துவிட்டது, செம்பனை வந்துவிட்டது, 'நாம்' என்பதும் வந்துவிட்டது. அடுத்து என்ன செய்யலாம் என்னும் உரையாடலை அங்கிருந்து தொடங்கலாம்.

மொழி வகுப்பு ஒரு மரத்தையோ விலங்கையோ காப்பாற்றிவிடும் என்று நாம் மிகைப்படுத்தவில்லை. வலையை மாற்றுவதும் நிலத்தை ஒதுக்குவதும் வேறு துறையினர் செய்ய வேண்டிய பணிகள். எவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்து கேட்கும் குடிமக்களை உருவாக்குவது மொழி வகுப்பின் பணி. செய்தவரைச் சொல்லும் வாக்கியத்தை எழுதப் பழகிய மாணவரே, நாளை அந்த வினாவை உரிய இடத்தில் எழுப்புவார்.